இல்பொருட் சோலையும் வாய்மையும்

புலவர் பாடும் சோலைகள் இருவகைய. ஒன்று கண்டு பாடிய சோலை. மற்றொன்று காணாது பாடிய சோலை. காணாது பாடிய சோலையிலே மரம் பறவையைக் காய்க்கும். யானையின் துதிக்கையுடைய சிங்கம் நீருண்ண வரும். ஓருடலில் இருதலை கொண்ட புள் கிளையில் அமர்ந்திருக்கும். நிலவையே உணவாகக் கொள்ளும் சகோரமும், பாலையும் நீரையும் வேறு பிரிக்கும் அன்னமும் அதன் பொய்கைக் கரையிலே உலாவும். இச்சோலை எந்நாட்டுத் தேசப்படத்திலும் இல்லை. இதனைப் பாடிய புலவன் பொய் சொன்னானா? இதனைப் பாலர்க்குப் படிப்பிக்கும் சைவ உபாத்தியாயர், காலையிலே பொய் சொல்லலாகாது என்று நீதிபாடம் நடத்திவிட்டு, நண்பகலிலே பொய்யையே பாடமாக நடத்துகின்றாரா? வகுப்பிலே ஒரு பிள்ளை எழுந்து நின்று இதனைக் கேட்குமாயின், அதற்கு விடை சொல்ல ஆயத்தமாயிருப்போர் நம்முள் எத்துணையர்?

இவ்வினாவிற்கு இருவகை விடைகள் எளிதாய்க் கிடைக்கின்றன. யாளியும் அன்னமும் சகோரமும் அறியாமைக் காலத்துக் கட்டுக்கதைகள், அவற்றைப் பாடப்புத்தகத்தினின்றும் களைதல் வேண்டும் என்பது ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நம் நாட்டில் மதம் பரப்ப வந்த பாதிரிமார் நம் கோயிற்றூண்களையும் புராணங்களையும் சுட்டிப் பரிகசித்தபோது கூறியதும் ஏறத்தாழ இதுவே. இக்காலத்தில் அதனைக் கூறுதற்குப் பாதிரிமார் வேண்டப்படுவதில்லை. நம்மவரே விஞ்ஞானத்தின் பெயராற் கூறுகின்றனர். மற்றது இதற்கு நேர்மாறானது. யாளி மெய்யாகவே காட்டில் வாழ்ந்து அழிந்த விலங்கு, அதன் எலும்பும் கிடைத்துவிட்டது, முன்னோர் கண்டதையே கல்லிற் செதுக்கினர் என்பது. கைத்தொலைபேசி வழியே இத்தகைய செய்திகளும் படங்களும் வீடுதோறும் வந்து சேர்கின்றன. உபாத்தியாயர்களும் அவற்றை நம்பி வகுப்பிற் சொல்லுகின்றனர். இரண்டும் எமக்கு உடன்பாடல்ல. இரண்டனுள்ளும் பின்னது தீது. முன்னது கவியைப் பொய்யென்று தள்ளுகின்றது; பின்னதோ கவியைக் காப்பதாகக் கருதிக்கொண்டு தானே பொய் சொல்லுகின்றது.

சித்தாந்த நூல் பயில்வோர் முயற்கோடு, ஆகாயத்தாமரை என்னும் எடுத்துக்காட்டுக்களைப் பலகாற் கேட்டிருப்பர். இல்லது தோன்றாது, உள்ளது முற்றாக அழியாது என்னும் சற்காரியவாதத்தை நிறுவுமிடத்து, ஒருபோதும் இல்லாததற்கு இவை காட்டப்படும். இவற்றைச் சிறிது உற்றுநோக்குக. முயல் உண்டு, கோடும் ஆவினிடத்தும் மானிடத்தும் உண்டு. ஆகாயம் தலைக்குமேல் உண்டு. தாமரை குளத்தில் உண்டு. ஆயின் இல்லாதது யாது? முயலுக்கும் கோட்டுக்கும் உள்ள இயைபு ஒன்றே இல்லாதது. யாளியும் அத்தகையது. சிங்கத்தின் உடல் உள்பொருள். துதிக்கையும் தந்தமும் உள்பொருள். இயைபு மாத்திரம் சிற்பியினுடையது. முற்றிலும் இல்லாத ஒன்றைக் கற்பித்தல் எப்புலவனாலும் இயலாது. ஒருவரும் காணாத புதுநிறம் ஒன்றை நினைத்துச் சொல் என்று ஒரு மாணாக்கனைக் கேட்டுப்பாருங்கள். அவன் கண்ட நிறங்களையே கலந்து சொல்லுவான். குயவன் மண்ணைப் படைப்பதில்லை. மண்ணினின்றும் குடத்தை வனைகின்றான். இல்பொருட் சோலையின் மண்ணும் நாம் மிதிக்கும் மண்ணே. கற்பனை என்பது சூனியத்தினின்றும் வருவது என்று எண்ணி அதனை இகழ்வாரும், அங்ஙனமே எண்ணி அதனை வியப்பாரும் இதனை மறந்துவிடுகின்றனர்.

அஃது அவ்வாறாக, இல்லாத இயைபை உள்ளதுபோலச் சொல்லுதல் பொய்யாகாதோ எனின், ஆகாது என்போம். அளவை நூல்கள் பிழைபட்ட காட்சியை ஐயமென்றும் திரிபென்றும் பிரித்துக் கூறும். அந்தியிலே தொலைவில் நிற்பதைக் குற்றியோ மகனோ என்று துணியாது நிற்றல் ஐயம். பழுதையைக் கண்டு பாம்பென்று துணிந்து ஓடுதல் திரிபு. புலவனிடத்து இவ்விரண்டும் இல்லை. அவன் யானையையும் சிங்கத்தையும் வேறுவேறாக அறிந்தவன், அறிந்தே இயைத்தவன். அவன் பாட்டைக் கேட்கும் அறிவுடையோனும் அறிந்தே கேட்கின்றான். தமிழிலக்கணம் இதற்கு இல்பொருளுவமை என்று வெளிப்படையாகப் பெயரே இட்டு வைத்திருக்கின்றது. தன் சரக்கு இல்பொருள் என்று கடைவாயிலிலே எழுதி வைத்து வாணிகம் செய்பவனை வஞ்சகன் என்பார் யார்?

வஞ்சகம் நுழைவது வேறிடத்தில். ஒன்பது வயதுப் பிள்ளை, அன்னம் மெய்யாகவே பாலை நீரினின்றும் பிரிக்குமா என்று கேட்கின்றது. உபாத்தியாயர் பாடம் நடந்தாற் போதும் என்று, ஆம் பிரிக்கும் என்கின்றார். புலவனிடத்து இல்லாத திரிபு அப்பொழுதே அப்பிள்ளையிடத்து விதைக்கப்படுகின்றது, விதைத்தவர் உபாத்தியாயர். இது சிறு குற்றமன்று. சில ஆண்டுகள் கழித்து அப்பிள்ளை விஞ்ஞான பாடத்தில் மெய்யை அறியும். அறியும்பொழுது அன்னத்தை மாத்திரம் அது கைவிடாது; அன்னத்தைப்பற்றிச் சொல்லிய அதே வாய் திருமுறையைப் பற்றியும் சைவாசாரத்தைப் பற்றியும் சொல்லியவற்றை எல்லாம் ஒருங்கே ஐயுறும். நம் பிள்ளைகள் வளர்ந்து சமயத்தை விட்டு நீங்குதற்குப் பிறசமயத்தார் போதனையும் நாகரிகமும் காரணம் என்று மேடைகளிற் பேசுகின்றோம். வகுப்பறையிலே நாமே பொருட்படுத்தாது சொல்லிய ஓர் ‘ஆம்’ காரணமாகலாம் என்பதை எண்ணுவதில்லை.

இவ்விடத்தே திருவள்ளுவர் துணையை நாடுவாருளர். குற்றமற்ற நன்மையை விளைக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தே வைத்து எண்ணப்படும் என்று நாயனார் வாய்மையதிகாரத்திற் கூறுகின்றாரே, ஆதலாற் பாலரை மகிழ்விக்க இவ்வளவு பொய் அமையும் என்பர். அது பொருந்தாது என்பது எம் கருத்து. அக்குறள் ஓர் உயிர்க்கு இடர் நேரும் இடத்திற்கு உரியது. உபாத்தியாயரின் சோம்பலுக்கு உரியதன்று. மேலும் இல்பொருட் கவி பொய்யே அன்று என்று கண்டபின், பொய்க்கு மன்னிப்பு அளிக்கும் குறளை அதற்கு எடுத்துக் காட்டுதல், குற்றமில்லாதவனைப் பிணையில் விடுவித்தது போலாகும்.

இனி, இதனினும் அரிய தடை ஒன்று எழும். அதற்கு அஞ்சியே பலர் வாய் திறவாதிருக்கின்றனர். யாளி இயற்றப்பட்டது என்று பிள்ளைக்குச் சொன்னால், அடுத்த வினா எது என்று எவர்க்கும் தெரியும். யானைமுகமுடைய பிள்ளையார்? ஆணும் பெண்ணும் ஒருடம்பாகிய அம்மையப்பர்? எட்டுக்காலும் சிறகும் உடைய சரபமூர்த்தி? இவற்றை நாம் என் சொல்வோம்?

இதற்கு விடை நம் நூல்களிலேயே இருக்கின்றது. அதனை வகுப்பிற்குக் கொண்டுவராதது நம் குறை. யாதொன்றையும் எந்த அளவையாற் பெற்றோம் என்று சொல்லிப் பழகுதல் வேண்டும். காக்கையைக் காட்சியால் அறிகின்றோம். மலைக்கு அப்பால் உள்ள தீயைப் புகை கொண்டு அனுமானத்தால் அறிகின்றோம். விநாயகப்பெருமான் திருவுருவத்தை ஆகம புராணங்களாகிய உரையளவையால் அறிகின்றோம். அது புலவன் இயைத்த இயைபன்று, உயிர்கள் உய்தற்பொருட்டு இறைவன் அருளாற் கொண்ட திருமேனி என்பது சைவர் துணிபு. யாளியைச் சிற்பியும் புலவரும் இயற்றித் தந்தமையால் அறிகின்றோம். இந்நான்கனையும் ஒரே குரலில், ஒன்றை உயர்த்தியும் ஒன்றைத் தாழ்த்தியும் சொல்லாது, வேறு வேறாகச் சொல்லுக. உரையளவையைப் பிறசமயத்தார் ஒப்புக்கொள்ளார் என்பதையும் மறைத்தல் வேண்டா. அவர்க்கும் அவர் நூலே அளவை. பாலர்க்கு இவை விளங்கா என்பார் பாலரோடு பழகாதவர். ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்பதே அவ்வயதுப் பிள்ளைகள் ஓயாது கேட்கும் வினா. அளவையியல் முழுவதும் அவ்வினாவிற்கு விடையன்றோ?

பொய்யன்று என்று நிறுவியதனால் மாத்திரம் ஒரு பாட்டு நல்லதாகிவிடாது. எல்லா இயைபும் ஒரு தரத்தனவல்ல. எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது? இதற்கு எமக்குத் தெரிந்தமட்டில் மிகச் சிறந்த அளவுகோல் இறையனாரகப்பொருளின் உரையிலே கிடைக்கின்றது.

அந்நூல் தோன்றிய வரலாற்றை உபாத்தியாயர்கள் அறிவர். பாண்டிநாடு பன்னீரியாண்டு வற்கடத்தால் வருந்தியது. மழை பெய்து நாடு தளிர்த்தபின் பொருளிலக்கணம் வல்லார் ஒருவரும் கிடைக்காமையாற் பாண்டியன் கவன்றான். ஆலவாய் அண்ணல் அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதித் தம் பீடத்தின்கீழ் இட்டருளினார் என்று உரை கூறும். பஞ்சம் நீங்கிய நாட்டுக்குச் சிவபெருமான் அளித்தது யாது? அகப்பொருள் இலக்கணம். அதன் முதற்பொருளாகிய களவொழுக்கத்தைக் குறித்து உரைகாரர் என் சொல்லுகின்றார்? அது உலகத்திலே உள்ளதன்று என்கின்றார், ஆயினும் இனிமையுடையது என்கின்றார், நன்மையுடையது என்கின்றார், புலவரால் நாட்டப்பட்டது என்கின்றார். இல்பொருளுக்கு இலக்கணம் வகுத்தவர் இறைவனே என்று கொள்ளும் ஒரு மரபிலே பிறந்துவிட்டு, இல்பொருளைப் பாடலாமா என்று நாம் நாணி நிற்பது வியப்பே.

அவ்வரலாற்றின் பிற்பகுதியும் நினைக்கத்தக்கது. அந்நூலுக்குப் புலவர் பலரும் உரை கண்டு, எவ்வுரை மெய்யுரை என்று துணியமாட்டாது நின்றபோது, அதனைத் தெரிந்து கூறியவன் உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவன். நக்கீரர் உரையைக் கேட்டுழி அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். சங்கத்தார் அதனையே தீர்ப்பாகக் கொண்டனர். பாலர்க்கு இவை எங்ஙனம் விளங்கும் என்பார் இதனையும் கேட்பாராக.

இல்லது, இனிது, நல்லது என்னும் மூன்றும் ஒருங்கு அமைதல் வேண்டும். இல்லாததும் இனியதுமாய் நன்மையற்றது வீண்பொழுது. இல்லாததும் நல்லதுமாய் இனிமையற்ற பாட்டுக்களுக்கோ நம் பாலபாடங்களிலே குறைவில்லை. சோம்பேறி எருமையும் சுறுசுறுப்புள்ள எறும்பும் சம்பாஷித்துக்கொள்ளும் அப்பாட்டுக்களைப் பிள்ளைகள் பரீட்சைக்கு மறுநாளே மறந்துவிடுகின்றனர். அவர்களை எம்மாற் கடிய முடியவில்லை.

மூன்றும் அமைந்த ஒன்றைக் காட்டுவோம். அகநானூற்றின் பன்னிரண்டாம் பாட்டிலே கபிலர் இருதலைப்புள்ளைக் கொண்டு வருகின்றார். தலைவியைத் தாய் தன் கண்ணினும் மிகப் பேணுகின்றாள். அவள் அடி நிலத்திற் படுதலையும் தந்தை பொறுக்கிலன். அதன்பின் தோழி தன்னையும் தலைவியையும் குறித்துச் சொல்லும்போது, ஓருடலில் இரண்டு தலையும் ஒரே உயிரும் உடைய பறவையை எடுத்துக் கூறுகின்றாள். அப்பறவை எக்காட்டிலும் இல்லை. ஆயின் தாயின் அன்பையும் தந்தையின் அன்பையும் சொல்லியபின், தோழமையின் அணிமையை அவற்றினும் மிகுத்துச் சொல்ல உள்பொருள்களுள் எதனை உவமை காட்டுவது? இரண்டு பசுக்கள்? இரண்டு கிளிகள்? அவை பிரியக்கூடியன. பிரிதல் இயலாமையைச் சொல்ல இல்லாத பறவையே வேண்டியிருந்தது. உள்பொருள் போதாத இடத்தே இல்பொருள் வருகின்றது. இதனை ஒரு மாணாக்கிக்கு விளக்கிவிட்டு, உன் தோழிக்கும் உனக்கும் உள்ள நட்பு அத்தகையதா என்று கேட்டுவிடுங்கள். அவள் சொல்லும் விடையிலே அப்பறவை மெய்யா பொய்யா என்னும் வினா தானே கரைந்துபோகும்.

சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்னும் பெயரைத் தந்த புலிக்கான்முனிவர் வரலாறும் இங்கே நினைவுக்கு வருகின்றது. உமாபதிசிவாசாரியர் கோயிற்புராணத்திலே அதற்கு ஒரு சருக்கமே வகுத்திருக்கின்றார். இதனை யாம் கவிகற்பனை என்று எடுத்துக்கொண்டோமல்லேம். மேலே கூறியவாறு இது உரையளவையாற் பெறப்படுவது. ஆயினும் இயைபு என்பது எங்ஙனம் அமைதல் வேண்டும் என்று புலவரும் இதனிடத்துக் கற்கலாம். முனிவர் தில்லைவனத்திலே நாடோறும் பூக்கொய்து இறைவனை வழிபட்டார். விடிந்தபின் கொய்தால் வண்டு வாய்வைத்த பூவாகும். விடியுமுன் கொய்யப் புகுந்தால் இருளிலே பழுதான பூ எது, நல்ல பூ எது என்று கண்ணுக்குப் புலப்படாது. பனியால் நனைந்த மரத்திலே கால் வழுக்கும். பூக்கொய்யும் வேலை செய்தறிந்த ஒருவனுக்கே தோன்றத்தக்க இடர்கள் இவை. ஆதலால் இறைவன் வெளிப்பட்டபோது அவர் வேண்டியது வீட்டின்பம் அன்று. மரத்தைப் பற்றி ஏறப் புலியின் கைகால்களும், இருளிற் பூவைத் தெரிந்துகொள்ள அவற்றிலே கண்களும்.

அவ்வுடம்பை எண்ணிப் பார்க்குக. மனிதவுடலிற் புலிக்கால், புலிக்காலிலே கண். கேட்ட அளவிலே கோரமான தோற்றம். ஆயின் காரணத்தைக் கேட்டபின் அக்கோரம் எங்கே போயிற்று? ஒவ்வோருறுப்பும் ஒரு தொண்டின் இடரைத் தீர்க்க வந்தது. காரணமின்றி ஒட்டியது ஒரு நகமும் இல்லை. கொல்லும் விலங்கின் நகம் பூக்கொய்ய வந்தது. அன்பு தனக்கு வேண்டிய உடம்பைத் தானே ஆக்கிக்கொள்ளும் என்பதை இதனினும் விளங்கச் சொல்லுதல் அரிது. இக்காலத்திலே கணினியிடம் கேட்டால் ஒரு நொடியில் நூறு விலங்குகளை ஒன்றோடொன்று ஒட்டி வண்ணப்படமாகத் தந்துவிடும். அவற்றுள் எதனையாவது காட்டி, இவ்வால் ஏன் இத்தலைக்கு வந்தது என்று கேளுங்கள். விடை இராது.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கந்தபுராணம் கோயிற் படனத்திலே கேட்டும் சூரன்போரிலே கண்டும் பழகியது. கடலிலே மாமரமாய் நின்ற சூரபன்மன் வேலாற் பிளவுபட்டு மயிலும் சேவலுமாகின்றான். மயில் ஊர்தியாகின்றது, சேவல் கொடியாகின்றது. மரம் எங்ஙனம் பறவையாகும் என்று கேட்கும் பிள்ளையை அதட்ட வேண்டா. பகைவனை அழித்தொழியாது தன் காலடியிலும் கொடியிலும் வைத்துக்கொள்ளும் ஓர் அருளை வேறு எவ்வகையாற் காட்டுவது என்று அப்பிள்ளையையே கேட்கலாம்.

மேனாட்டாரிடத்தும் இல்பொருட் சோலை உண்டு. எட்வேட் லியர் என்னும் ஆங்கிலர் 1871 ஆம் ஆண்டு பாட்டும் கதையும் படமும் அமைந்த நகைச்சுவை நூலொன்றை வெளியிட்டார். அதன் ஒரு பகுதி விநோதத் தாவரநூல்: ஒரு செடியிலே பன்றிகள் பூத்திருக்கும், ஒன்றிலே மீன், ஒன்றிலே மனிதர் தலைகீழாகத் தொங்குவர். ஒவ்வொன்றுக்கும் தாவரநூலார் இடுவதுபோன்ற இலத்தீன் சாயற்பெயர் உண்டு. இது நகைப்பித்தல் ஒன்றே கருதியது. கபிலர் பறவையோடு ஒருங்கு வைக்கத்தக்கதன்று. ஆயினும் அவர் வரலாற்றிலே நம் உபாத்தியாயர்க்குப் பயன்படும் செய்தி ஒன்றுண்டு. இல்லாத செடிகளை வரைந்த இவரே இளமையில், 1832 ஆம் ஆண்டளவிலே, கிளியினங்களை உயிருள்ள பறவைகளைப் பார்த்து ஓர் இறகும் பிழையாது வரைந்து பெரிய நூலாக வெளியிட்டவர். உள்ளதைச் செவ்வனே அறிந்த கையே இல்லதையும் செவ்வனே இயைக்கும். 1874 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இவர் இலங்கைக்கும் வந்து சென்றார்.

மறுதலையாக, மெய்யாயுள்ள உயிரைப் பொய்யென்று ஐயுற்றதும் உண்டு. அவுஸ்திரேலியாவினின்றும் வந்த பிளற்றிப்பசுவின் தோலை 1799 ஆம் ஆண்டிலே ஜோர்ஜ் ஷா என்னும் விலங்குநூலறிஞர் ஆராய்ந்தபோது, நாலுகால் விலங்கின் உடலிலே வாத்தின் அலகை யாரோ வஞ்சகமாகப் பொருத்தினரோ என்று ஐயுற்றார். பொருத்தியவர் ஒருவருமில்லை, இயற்கையே பொருத்தியது. இதனைக் கொண்டு, ஆதலால் யாளியும் இருந்திருக்கும் என்று வாதிப்பார்க்கு ஒன்று சொல்வோம்: ஷா கையிலே தோல் இருந்தது, உங்கள் கையிலே படம் இருக்கின்றது.

நம் நாட்டிலே விபுலாநந்த அடிகளை நினையாதிருத்தல் இயலாது. விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1947 இல் வெளிவந்த யாழ்நூலிலே சுருதிகளைக் கணித முறையால் அளந்து நிறுவியவர். அளவையில் அவரினும் கண்டிப்புடையாரைக் காண்டல் அரிது. அந்நூலிலேயே, தாம் பிறந்த மட்டக்களப்பு நாட்டு வாவியின் பாடுமீன் இசையை எண்ணி, நீரரமகளிரைப் பாட்டிலே எழுப்புகின்றார். எண்ணும் எழுத்தும் ஒரு கையினின்றே வந்தன. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

இவ்வளவும் எழுதத் தூண்டியது ஒரு பிள்ளையின் கொப்பி. அண்மையில் ஒரு பாடசாலையிலே எட்டாம் வகுப்பு மாணாக்கர்க்கு, ‘நான் காணாத சோலை’ என்னும் பொருளிலே பாட்டெழுதும்படி விதிக்கப்பட்டது. பெரும்பாலார் பொன்மரமும் மணிக்கனியும் எழுதினர். அவற்றைப் படித்துக் களைத்தோம். ஒரு மாணாக்கி பனைமரத்தையும் நாயையும் ஒன்றாக்கியிருந்தாள். படலையடியிலே நிற்கும் அப்பனைக்கு நாயின் காதுகள் உண்டு. வீட்டார் எல்லாரும் போய்விட்டனர். அது போகவில்லை, வேர் விடவில்லை. தெரியாதவர் வந்தாற் குரைக்கின்றது. தெரிந்த காலடி கேட்டால் ஓலையை ஆட்டுகின்றது. பல ஆண்டுகளாக அது ஓலையை ஆட்டவேயில்லை. பாட்டு அவ்வளவே. யாப்பு பலவிடத்துத் தவறியிருந்தது.

கொப்பியிலே சிவப்பு மையால், ‘பனை குரைக்காது’ என்று எழுதப்பட்டிருந்தது. புள்ளி இல்லை.

யாம் அப்பிள்ளையை அழைத்து, இந்த மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். அவளுடைய அம்மம்மா 1995 ஆம் ஆண்டிலே வீட்டை விட்டு இடம்பெயர்ந்தபோது வளர்த்த நாயைப் படலையிலே விட்டுச் சென்றாராம். திரும்பி வந்தபோது நாய் இல்லை, படலையும் இல்லை, பனை மாத்திரம் நின்றதாம். அம்மம்மா இன்றும் அப்பனையடியிலே போகும்போது ஒரு கை வைத்துவிட்டுப் போவாராம். ஆதலால் இரண்டும் ஒன்றுதானே என்றாள் அப்பிள்ளை.

அவ்வியைபிற்குக் காரணம் உண்டு. பனையையும் நாயையும் அவள் நன்கு அறிந்தவள். இல்லதென்று தெரிந்தே எழுதினாள். தலைப்பே காணாத சோலை என்பதன்றோ? அம்மம்மா வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைச் சொல்ல அவளுக்கு வேறு விலங்கும் வேறு மரமும் போதவில்லை. அதனைத் திருத்திய உபாத்தியாயர் தீயவரல்லர். வாய்மையைக் காப்பதாகவே எண்ணினார். ஆயின் அவர் காத்தது வாய்மையை அன்று. அப்பிள்ளை அவ்வாண்டிலே பின்னர் எழுதிய பாட்டுக்களையும் பார்த்தோம். எல்லாவற்றிலும் பொன்மரமே நின்றது.

உபாத்தியாயர்கள் இப்பயிற்சியை வகுப்பிலே வைப்பார்களாயின், ஆறாம் வகுப்பிலே தொடங்கலாம் என்பது எம் எண்ணம். முதலிலே பாட்டு வேண்டா. உயிர்கள் இரண்டைச் சொல்லச் செய்து, ஒவ்வொன்றையும் நேரிற் பார்த்து எழுதச் செய்க: பல்லி எங்ஙனம் ஒட்டுகின்றது, முருங்கை எங்ஙனம் முறிகின்றது என்று. அதற்கு ஒரு கிழமை கொடுக்க. அதன்பின் இரண்டையும் இயைக்கச் செய்து, ஏன் இயைத்தாய் என்னும் வினாவை ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியே, மற்றையோர் கேளாவண்ணம், வினாவுக. காரணம் சொல்லத் தெரியாத பிள்ளையைக் காத்திருக்க விடுக; சிலவற்றுக்குக் காரணம் பிந்தி வரும். யாப்புப் பிழையைச் சிவப்பு மையால் திருத்தலாம். மற்றவற்றுக்குப் பென்சில் போதும்.